எடை போட்ட பிறகு ஒட்டுங்கள்: நீர்விமானம் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில், பால்சா மரக் கிட் ஒன்றிலிருந்து ரிமோட்டில் பறக்கும் நீர்விமானம் கட்டிய அனுபவத்தை எழுதியிருந்தேன். 125 சென்டிமீட்டர் இறக்கை, படகு போன்ற அடிப்பகுதி, இறக்கைக்கு மேலே ஒரு சின்னத் தூணில் மோட்டார். ஓடுபாதை வேண்டாம். கோத்தகிரிக்குப் பக்கத்தில் நண்பர் ஒருவரின் எஸ்டேட் குளத்திலிருந்து எழுந்து, அங்கேயே வந்து இறங்குகிறது. அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில். நான் விமானப் பொறியாளர் இல்லை. தேயிலைத் தொழிற்சாலையில் 31 வருடம் ஃபிட்டராக இருந்தவன். அந்தக் கண்ணோடுதான் மரத்தையும் பார்க்கிறேன்.

கேள்வி: ஐயா, நான் இதுவரை எந்த மாடல் விமானமும் கட்டியதில்லை, பறக்கவிட்டதும் இல்லை. நேராக நீர்விமானத்திலேயே தொடங்கலாமா? தரையில் விழுந்தால்தான் உடையும், தண்ணீரில் விழுந்தால் ஒன்றும் ஆகாது என்கிறான் நண்பன். (கல்லூரி மாணவர், குன்னூர்)

தம்பி, கட்டுவதை இன்றைக்கே தொடங்குங்கள். பறக்கவிடுவதை மட்டும் தள்ளி வையுங்கள். இரண்டும் வேறு வேறு கைப்பழக்கம்.

நண்பர் சொன்னது சரியில்லை. வேகமாக வந்து மோதும் விமானத்துக்குத் தண்ணீரும் கல்தான். இறக்கையின் முனை முதலில் பட்டால் நடுவில் முதுகெலும்புபோல நீளவாக்கில் ஓடும் ஸ்பார் கட்டை முறிந்துவிடும். தரையில் உடைந்தால் துண்டுகளைப் பொறுக்கி எடுத்து மறுபடி ஒட்டலாம். குளத்தில் உடைந்தால் பேட்டரியும், ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவரும் சேற்றுக்குள் போய்விடும்.

ஃபோமில் செய்த பயிற்சி விமானம் (ட்ரெய்னர்) ஒன்றை வாங்கிப் புல்வெளியில் பழகுங்கள். விமானம் உங்களை விட்டுப் போகும்போது இடது இடதுதான். உங்களை நோக்கித் திரும்பி வரும்போது இடது வலதாக மாறித் தெரியும். யோசிக்காமல் கை சரியாகப் போகும்வரை பழக வேண்டும். எனக்குக் கிட்டைக் கட்டி முடிக்க நாலரை மாதத்து மாலை நேரங்கள் ஆயின. அந்த நாலரை மாதத்தில் நீங்கள் பறக்கவும் பழகிவிடலாம்.

கேள்வி: அண்ணா, மகனுக்குப் பிறந்த நாளுக்கு வாங்கிக் கொடுத்த கிட். ஜூனில் ஆரம்பித்தோம். இறக்கையின் ஒரு பாதி மேசையில் ஒட்டும்போது நேராக இருந்தது. பத்து நாள் கழித்து எடுத்துப் பார்த்தால் வாழைப்பழம்போல வளைந்து, நுனியும் முறுக்கிக்கொண்டிருக்கிறது. பிளானில் உள்ளபடிதான் செய்தோம். எங்கே தப்பு? (ஒரு தாய், உதகமண்டலம்)

தங்கச்சி, உங்கள்மேல் தப்பில்லை, மகன்மேலும் இல்லை. ஜூன் மாதத்து ஊட்டிதான் காரணம். இதற்குக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் மலையில் கட்டும் எல்லோருக்கும் இது வரும்.

பால்சா தென் அமெரிக்கக் காட்டு மரம். ஈக்வடாரிலிருந்துதான் உலகத்துக்கு அதிகமாக வருகிறது. சில வருடங்களிலேயே வெட்டும் அளவுக்கு மளமளவென வளர்ந்துவிடும். அதனால் உள்ளே பெரிய பெரிய அறைகளும் மெல்லிய சுவர்களுமாக இருக்கும். உயிரோடு நிற்கும்போது அந்த அறைகள் முழுக்கத் தண்ணீர். காய வைத்து அறுத்த பிறகு முழுக்கக் காற்று. அதனால்தான் அவ்வளவு இலேசு. ஆனால் மரம் காய்ந்துவிட்டது என்பதால் தண்ணீரோடு அதன் உறவு முடிந்துவிடுவதில்லை. சுற்றியிருக்கும் காற்றின் ஈரத்துக்குத் தக்கபடி வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கும். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் மரம் தன் உலர்ந்த எடையில் சுமார் 12 சதவீதம் தண்ணீர் வைத்திருக்கும். 90 சதவீதம் என்றால் அது 20 சதவீதத்துக்குப் போகும். தென்மேற்குப் பருவமழையில் ஊட்டியில் துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாதே, அந்தக் காற்றில்தான் உங்கள் இறக்கை பத்து நாள் கிடந்திருக்கிறது.

ஈரம் ஏறினால் மரம் நீளவாக்கில் அவ்வளவாக நீளாது, அகலவாக்கில் உப்பும். இறக்கையின் ஒரு பக்கம் மெல்லிய பால்சாத் தகடு ஒட்டி, மறுபக்கம் திறந்து வைத்திருந்தால் ஒட்டிய பக்கம் மட்டும் உப்பி விரியும். வளைவு அங்கிருந்து வருகிறது.

தொழிற்சாலையில் பச்சைத் தேயிலையை வாட்டும் தொட்டியில் பரப்பிக் காற்று விடுவோம். ஈரம் சரியாகக் குறைந்ததா என்று கையால் பிடித்துப் பார்த்தே சொல்லிவிடும் மேஸ்திரிகள் உண்டு. இருந்தாலும் கடைசியில் எடை போட்டுத்தான் பார்ப்போம். மரத்துக்கும் அதையே செய்யுங்கள். கிட் வந்தவுடன் பெட்டியைப் பிரித்து, தகடுகளை அடுப்புக்கு மேலே உள்ள பரணில் தட்டையாக வைத்து, மேலே கனமான பலகை ஒன்றை ஏற்றிவிடுங்கள். தினமும் ஒரே தகட்டை எடுத்து எடை போட்டு, மூலையில் பென்சிலால் எழுதுங்கள். அடுத்தடுத்து மூன்று நாள் எடை மாறவில்லை என்றால் வேலையை ஆரம்பிக்கலாம். எனக்கு வீட்டில் விறகடுப்பு இருப்பதால் எட்டு நாளில் நின்றது. எரிவாயு அடுப்பு மட்டும் உள்ள வீட்டில் கூடுதலாக ஆகும். நகை எடை போடும் சின்ன டிஜிட்டல் தராசு போதும், கால் கிராம்வரை காட்டினால் நல்லது. பசை வாங்குவதற்கு முன்னால் தராசை வாங்குங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம், இறக்கையின் இரண்டு பாதிகளையும் ஒரே வாரத்தில் கட்டுங்கள். மேல் தகடு ஒட்டிக் காயும்வரை மேசையிலிருந்து குண்டூசியைப் பிடுங்காதீர்கள். கட்டி முடித்த அன்றே கவரிங் ஃபிலிம் (சூட்டில் சுருங்கி ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்) போட முடியாவிட்டால், பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி வையுங்கள்.

இப்போது வளைந்திருப்பதை எறிந்துவிட வேண்டாம். ஒரு வாரம் பரணில் காய வையுங்கள், பாதி வளைவு தானாகப் போய்விடும். மிச்சம் இருப்பதற்கு, ஃபிலிம் ஒட்டிய பிறகு ஒருவர் இறக்கையை எதிர்ப்பக்கமாக முறுக்கிப் பிடிக்க, இன்னொருவர் இஸ்திரிப் பெட்டியின் சூட்டை ஃபிலிமில் காட்ட வேண்டும். ஆறும்வரை கையை எடுக்கக் கூடாது. ஃபிலிம் சுருங்கி இறக்கையை அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். மகன் முறுக்கிப் பிடிக்கட்டும், சூட்டை நீங்கள் காட்டுங்கள்.

கேள்வி: ஃபெவிகாலா, ஃபெவிக்விக்கா, அரால்டைட்டா? (வாசகர், கூடலூர்)

மூன்றும் வேண்டும். மேசையில் அசையாமல் குண்டூசி குத்தி வைத்திருக்கும் இறக்கைச் சட்டத்துக்கு வெள்ளைப் பசை. உப்புத்தாள் போடும்போது அது மரத்தோடு சேர்ந்து தேயும், மேடு கட்டாது. ஆனால் சாதாரண ஃபெவிகால் தண்ணீரில் இளகும். படகுப் பகுதிக்கு மரைன் வகையை வாங்குங்கள். மோட்டார் தூண், இறக்கை பூட்டும் இடம் மாதிரி பலம் வேண்டிய இடங்களுக்கு மட்டும் அரால்டைட். அது கனம். ஒரு சொட்டு போதுமென்றால் ஒரு சொட்டுத்தான்.

மலைக்காரர்களுக்கு ஒரு விஷயம். ஃபெவிக்விக் காற்றின் ஈரத்தால்தான் இறுகுகிறது, அதனால் மழைக்காலத்தில் நீங்கள் துண்டைச் சரியாகப் பொருத்துவதற்குள் பிடித்துக்கொள்ளும். அரால்டைட் இதற்கு நேர் எதிர். ஐந்து நிமிட வகைகூடக் குளிரில் அரை மணி நேரம் ஆனாலும் பிசுபிசுவென்று கிடக்கும். இரண்டு ட்யூபையும் வெந்நீர்ப் பாத்திரத்தில் பத்து நிமிடம் நிறுத்தி வைத்துவிட்டுக் கலக்குங்கள். குளிர் என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஃபெவிக்விக் வேலை செய்யாதீர்கள். அந்தப் புகை கண்ணுக்கும் நெஞ்சுக்கும் ஆகாது.

கேள்வி: சார், என் விமானம் தண்ணீரில் நன்றாக ஓடுகிறது, வேகமும் எடுக்கிறது. ஆனால் எழவே மாட்டேன் என்கிறது. குளத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போய் நிற்கிறது. பெரிய மோட்டார் போடலாமா? அடிப்பகுதியில் ஒரு படி இருக்கிறதே, அது எதற்கு என்றும் சொல்லுங்கள். (வாசகர், மஞ்சூர்)

உங்கள் இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான், அந்தப் படி. மோட்டாரை மாற்றாதீர்கள்.

சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, ஒரு கரண்டியின் பின்பக்கத்தை ஓடும் தண்ணீரில் இலேசாகத் தொடுங்கள். தண்ணீர் கரண்டியைத் தள்ளிவிடும் என்று நினைப்போம், ஆனால் அது உள்ளே இழுக்கும். வளைந்த பரப்பைத் தண்ணீர் ஒட்டிக்கொண்டே போகும், போகும்போது அந்தப் பரப்பைத் தன் பக்கம் உறிஞ்சும். விமானத்தின் அடிவயிறு முன்னாலிருந்து வால்வரை ஒரே வழுவழுப்பான வளைவாக இருந்தால் இதேதான் நடக்கும். எவ்வளவு வேகம் கொடுத்தாலும் தண்ணீர் வாலைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். மூக்கைத் தூக்க முடியாது. மூக்கைத் தூக்காமல் இறக்கைக்குத் தேவையான கோணம் கிடைக்காது.

அதனால் அடிவயிற்றின் நடுவில் திடீரென்று ஒரு வெட்டு வைத்திருக்கிறார்கள். அதைத்தான் ஸ்டெப் என்கிறோம். வேகம் கூடும்போது முன்பாதி தண்ணீரை அழுத்தி அதன்மேல் ஏறிச் சறுக்கும். தண்ணீர் அந்த விளிம்புக்கு வந்ததும் மேலே வளைந்து ஒட்ட வழியில்லாமல் பிய்ந்துகொண்டு நேராகப் பின்னால் போய்விடும். அந்த இடைவெளிக்குள் காற்று புகும், வால் விடுதலையாகும். ஸ்டெப் இருக்கும் இடமும் முக்கியம். விமானத்தின் எடை சமன்படும் புள்ளிக்குச் சற்றே பின்னால் இருக்க வேண்டும். ரொம்பப் பின்னால் போனால் மூக்கு எழும்பாது. முன்னால் வந்தால் தவளைபோலக் குதிக்கும்.

இப்போது உங்கள் ஸ்டெப்பின் விளிம்பில் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். கூர்மையாக உறுத்துகிறதா, இல்லை வழவழவென்று போகிறதா? எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் தொழிலில் கூர்மையான விளிம்பு எதையும் விட்டுவைக்க மாட்டோம், கை கிழியும் என்று அரம் போட்டு மழுக்கிவிடுவோம். அதே பழக்கத்தில் ஸ்டெப்பையும் உப்புத்தாளால் அழகாக உருட்டிவிட்டு, மேலே ஃபிலிமைச் சுற்றி ஒட்டினேன். ஐந்து ஞாயிற்றுக்கிழமை அந்தக் குளத்தில் ஓட்டினேன், ஒரு முறைகூட எழவில்லை. ப்ரொப்பெல்லரை மாற்றினேன், பேட்டரியை நகர்த்தினேன். ஆறாவது வாரம் ரிமோட்டை நண்பர் கையில் கொடுத்துவிட்டு, கரையில் குப்புறப் படுத்து, தாடையைப் புல்லில் வைத்துப் பார்த்தேன். தண்ணீர் ஸ்டெப்பைத் தாண்டி, வளைந்து, வால்வரை கண்ணாடித் தாள்போல ஒட்டிக்கொண்டு போவது தெரிந்தது. வீட்டுக்கு வந்து ஸ்டெப்பின் ஓரத்தில் 0.8 மில்லிமீட்டர் ப்ளைவுட் பட்டை ஒன்றை, ஒரு மில்லிமீட்டர் கீழே நீட்டிக்கொண்டிருக்கும்படி அரால்டைட் போட்டு ஒட்டினேன். அடுத்த ஞாயிறு பதினைந்து மீட்டர் ஓட்டத்தில் எழுந்தது. மோட்டார் அதேதான், பேட்டரியும் அதேதான்.

இன்னும் இரண்டு விஷயம் பாருங்கள். மோட்டார் உயரத்தில் தூணில் இருப்பதால், வேகம் கொடுத்தவுடன் அது மூக்கைக் கீழே அழுத்தும். எலிவேட்டரை (வாலில் மேலும் கீழும் அசையும் மடல்) மேலே பிடித்துக்கொண்டு வேகத்தைப் படிப்படியாக ஏற்றுங்கள், ஸ்டெப்பில் ஏறியதும் மெல்லத் தளர்த்துங்கள். அடுத்து, காற்றே இல்லாமல் குளம் கண்ணாடியாக இருக்கும் விடிகாலையில் எழுவது கஷ்டம். சின்னச் சின்ன அலைகள் இருந்தால் அடியில் காற்று புகும், பிடி விட்டுவிடும். அலை இல்லையென்றால் முதலில் விமானத்தையே ஒரு வட்டம் ஓட்டி, அது கிளப்பிய அலையின்மேல் குறுக்கே ஓட்டி எழுப்புங்கள். எப்போதும் காற்றுக்கு எதிராக.

கேள்வி: ஐயா, சென்னையில் என் மைத்துனர் வைத்திருக்கும் அதே கிட்தான் என்னிடமும். அவர் சொன்ன மோட்டார், அவர் சொன்ன பேட்டரி. அவருடையது பூப்போல இறங்குகிறது. கொடைக்கானலில் என்னுடையது கல்லைப்போல வந்து விழுகிறது. ஏன்? (வாசகர், நாயுடுபுரம், கொடைக்கானல்)

ஏனென்றால் நீங்கள் கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேலே இருக்கிறீர்கள். அங்கே காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஊட்டியிலும் அப்படித்தான். கோத்தகிரி கொஞ்சம் தாழ்வு, எங்களுக்கு ஆறில் ஒரு பங்கு. இறக்கையைத் தாங்குவது அந்தக் காற்றுதான். அது மெலிந்துவிட்டால் அதே எடையைத் தூக்க வேகம் கூட வேண்டும். உங்கள் ஊரில் பத்து சதவீதத்துக்குச் சற்று மேல். மைத்துனர் 30 கிலோமீட்டர் வேகத்தில் இறக்கினால் நீங்கள் 33, 34-இல் இறக்க வேண்டும். அவர் குறைக்கும் அளவுக்கு நீங்களும் வேகத்தைக் குறைத்தால் விமானம் நடுவானில் கை விட்டுவிடும். அதுதான் கல்.

ப்ரொப்பெல்லருக்கும் அதே மெலிந்த காற்றுதான். மின்சார மோட்டாரின் சக்தி மலையில் குறையாது, ஆனால் பிடித்துத் தள்ளக் காற்று குறைவு. ஒரு அங்குலம் பெரிய ப்ரொப்பெல்லர் போடலாம். முழு வேகத்தில் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, ஈஎஸ்சியின் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) அளவுக்குள் இருந்தால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் உண்மையான மருந்து எடையைக் குறைப்பதுதான். காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால், எடையும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் சென்னை வேகத்திலேயே இறங்கலாம். அது முடியுமா என்று கேட்பீர்கள். முழுக்க முடியாவிட்டாலும் பெரும்பங்கு முடியும். இதே கிட்டை நான் இரண்டு தடவை கட்டினேன். முதலாவது 1,310 கிராம். சென்ற இதழில் எழுதிய இரண்டாவது 1,080 கிராம்.

எங்கே குறைந்தது? முதலில் வாலில். என் விமானத்தில் எடைப் புள்ளியிலிருந்து வால் இருக்கும் தூரம், மூக்கில் ஈயம் வைக்கும் இடத்தின் தூரத்தைப்போல மூன்று மடங்கு. அதாவது வாலில் ஒரு கிராம் கூடினால் மூக்கில் மூன்று கிராம் ஈயம் வைத்தால்தான் சமன்படும். ஒரு கிராம் தப்பு நாலு கிராமாகிவிடுகிறது. முதல் விமானத்தின் வால் மரம் மட்டும் 37 கிராம். இரண்டாவதில் 24. ஃபிலிம், பசை, பெயிண்ட் என்று வாலில் இன்னொரு பத்து கிராம் குறைத்தேன். வாலில் 23 கிராம் போனதால் மூக்கில் 90 கிராமாக இருந்த ஈயம் 20 கிராமாக இறங்கியது.

மரத்தில் 13 கிராம் எப்படிக் குறைந்தது என்றால், பால்சாவில் ஒரு தகட்டைப்போல இன்னொரு தகடு இருக்காது. 1.5 மில்லிமீட்டர் தடிமன், 75 மில்லிமீட்டர் அகலம், 915 மில்லிமீட்டர் நீளம். இந்த அளவில் ஒரு தகடு 10 கிராமும் இருக்கும், 17 கிராமும் இருக்கும். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. முதல் தடவை கையில் வந்ததை எடுத்து வெட்டினேன். இரண்டாம் தடவை எல்லாத் தகடுகளையும் எடை போட்டு வரிசையாக அடுக்கினேன். இலேசானவை வாலுக்கு, நடுத்தரம் இறக்கைக்கு, கனமும் கடினமும் ஆனவை ஸ்பாருக்கும் படகின் அடிக்கும். கிட்டில் வால் பகுதி கனமான தகட்டில் வெட்டி வந்திருந்தால், அதையே அச்சாக வைத்து இலேசான தகட்டில் புதிதாக வெட்டிக்கொள்ளுங்கள்.

மிச்சம் படகின் அடியில் குறைந்தது. முதல் தடவை தண்ணீர் புகுந்துவிடுமோ என்ற பயத்தில் தடித்த கண்ணாடி இழைத் துணியும் நாலு கோட் ரெசினும் போட்டேன். தேவையே இல்லை. சதுர மீட்டருக்கு 25 கிராம் உள்ள மெல்லிய துணி ஒரே சுற்று, ரெசினைப் பூசிவிட்டு மிச்சத்தைப் பழைய காகிதத்தால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். ஈரத்தைத் தடுக்கவும் கரைக் கல்லில் உரசினால் தாங்கவும் அது போதும்.

கேள்வி: தாத்தா, நிஜ நீர்விமானம் தமிழ்நாட்டுக்கு வந்திருக்கிறதா? முதன்முதலில் யார் செய்தார்கள்? (எட்டாம் வகுப்பு மாணவி, கோத்தகிரி)

வந்திருக்கிறது கண்ணு. இரண்டாம் உலகப்போர் நடந்தபோது சென்னைக்குப் பக்கத்தில் செங்குன்றம் ஏரியில், பிரிட்டிஷ் விமானப்படையின் கேட்டலினா விமானங்கள் இருந்தன. ஏரியிலிருந்து எழுந்து வங்காள விரிகுடாவின்மேல் ரோந்து போகும். கேட்டலினாவின் படத்தை எங்காவது தேடிப் பார். இறக்கை உடம்போடு ஒட்டாமல் ஒரு தூணின்மேல் உயரமாக நிற்கும், இரண்டு எஞ்சின்களும் அந்த இறக்கையில். ப்ரொப்பெல்லரில் தண்ணீர் தெறிக்கக் கூடாது என்பதற்காக அப்படி. தாத்தாவின் விமானத்தில் மோட்டார் தூண்மேல் இருப்பதும் அதே காரணத்தால்தான். இறக்கை முனைகளில் இருக்கும் சின்ன மிதவைகள், பறக்கும்போது மடங்கி இறக்கையின் நுனியாகவே ஆகிவிடும். அந்த ஏற்பாட்டைச் செய்தவரை நேரில் பார்த்திருந்தால் கை குலுக்கியிருப்பேன்.

முதன்முதலில் தன் எஞ்சினின் பலத்தாலேயே தண்ணீரிலிருந்து எழுந்தது பிரான்ஸ் நாட்டு ஆன்ரி ஃபாப்ர் கட்டிய விமானம், 1910 மார்ச் 28-ஆம் தேதி. அதற்குப் பிறகு அமெரிக்காவில் க்ளென் கர்ட்டிஸ் படகு வடிவ விமானம் செய்தார். அவருக்கும் முதலில் தண்ணீர் பிடித்துக்கொண்டது. 1912-இல் ஸ்டெப் வைத்த பிறகுதான் நன்றாக எழுந்தது. மேலே மஞ்சூர் மாமாவுக்கு எழுதியிருப்பதைப் படி, கரண்டியை வைத்து நீயே செய்து பார்க்கலாம். நம் நாட்டில் 2020 அக்டோபர் 31 அன்று குஜராத்தில் சபர்மதி ஆற்றுக்கும் படேல் சிலை இருக்கும் இடத்துக்கும் இடையே நீர்விமானப் பயணம் தொடங்கி வைக்கப்பட்டது.

கேள்வி: ஊட்டி ஏரியில் பறக்கவிடலாமா? இல்லையென்றால் நீலகிரியில் வேறு எங்கே? (வாசகர், லவ்டேல்)

ஊட்டி ஏரி வேண்டாம். நாள் முழுக்கப் படகுகளும் குழந்தைகளும் இருக்கும் இடம். ஒரு கிலோ எடையும் சுழலும் ப்ரொப்பெல்லரும் மனிதர்மேல் விழக் கூடாது. பைக்காரா, எமரால்டு, அவலாஞ்சி போன்றவை மின்வாரிய அணைகள், சுற்றிலும் காடு. அங்கேயும் போகாதீர்கள். வெலிங்டன் ராணுவப் பகுதி, அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை, இவற்றின் பக்கமே எடுத்துச் செல்ல வேண்டாம். 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வான்வெளியைப் பிரித்து வரைபடம் போட்டிருக்கிறார்கள். அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் உங்கள் இடம் எந்த நிறத்தில் வருகிறது என்று முதலில் பாருங்கள்.

மிஞ்சுவது தனியார் எஸ்டேட் குளம்தான். உரிமையாளரிடம் நேரில் போய், விமானத்தைக் காட்டி, அனுமதி கேளுங்கள். நான் பறக்கவிடும் குளம் நீளவாக்கில் சுமார் நூறு மீட்டர், ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் சில்வர் ஓக். காலை ஏழரையிலிருந்து ஒன்பது மணிக்குள் முடித்துவிடுவேன். மாலையில் காட்டெருமைகள் தண்ணீர் குடிக்க இறங்கும், அது அவற்றின் நேரம். முக்குளிப்பான் கூடு வைத்திருந்தால் குஞ்சுகள் பெரிதாகும்வரை அந்தக் குளத்துக்குப் போவதில்லை. ஒரு வருடத்தில் அப்படி இரண்டு மாதம் காத்திருந்தேன்.

ஜனவரியில் பனி உறையும் காலையில் லைபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரியைச் சட்டைக்குள் வைத்துக் கதகதப்பாகக் கொண்டு போங்கள். குளிர்ந்த பேட்டரி வேகம் கொடுத்தவுடன் வோல்ட்டில் சரிந்துவிடும், எழுந்த மூன்றாம் நொடியில் கை விடும்.

கேள்வி: கவிழ்ந்துவிட்டால் என்ன செய்வது? நீந்திப் போய் எடுக்கலாமா? (வாசகர், கொடைக்கானல்)

தயவுசெய்து நீந்திப் போகாதீர்கள். மலைக் குளத்துத் தண்ணீரின் குளிர் சில நிமிடத்தில் கை கால்களை மரத்துப்போகச் செய்யும். அடியில் சேறும் தாமரைக் கொடியும் காலைப் பிடிக்கும். எந்த விமானத்துக்கும் அந்த விலை இல்லை. தூண்டில் நரம்பில் ஒரு டென்னிஸ் பந்தைக் கட்டி, விமானத்தைத் தாண்டி எறிந்து மெதுவாக இழுங்கள். நரம்பு இறக்கையில் மாட்டிக்கொண்டு வந்துவிடும். அதற்கும் எட்டாவிட்டால் காற்று கரைக்குத் தள்ளும்வரை உட்கார்ந்திருங்கள். நான் ஒரு தடவை மதியம் இரண்டு மணிவரை உட்கார்ந்திருந்தேன்.

கைக்கு வந்ததும் முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். உள்ளே இருக்கும் தண்ணீரை ஊற்றிவிட்டு, சர்வோக்களின் (வால், இறக்கை மடல்களை அசைக்கும் சின்ன மோட்டார்கள்) மூடியைத் திறந்து, ரிசீவரோடு சேர்த்துக் கதகதப்பான இடத்தில் இரண்டு நாள் காய வையுங்கள். மோட்டார் தண்ணீரைத் தாங்கும், பேரிங்குக்கு மட்டும் ஒரு சொட்டு எண்ணெய். பேட்டரி உப்பியிருந்தால் மறுபடி சார்ஜ் போடவே போடாதீர்கள். அடுத்த தடவைக்கு ரிசீவரை ஒரு சாதாரண பலூனுக்குள் நுழைத்து வாயைக் கட்டி வையுங்கள். என்னுடையது அப்படித்தான் மூன்று முழுக்கிலிருந்து பிழைத்தது.

கேள்வி: தாத்தா, நீங்கள் முதலில் கட்டிய விமானம் இப்போது எங்கே? (ஆறாம் வகுப்பு மாணவன், குன்னூர்)

அது வேகமாக வந்து இறங்கியபோது ஒரு மிதவை தண்ணீரில் குத்தி, இறக்கை முறிந்துவிட்டது தம்பி. மோட்டாரையும் சர்வோக்களையும் இரண்டாவது விமானத்துக்கு எடுத்துக்கொண்டேன். வாலை மட்டும் ஃபிலிமை உரித்துவிட்டுப் பரணுக்குப் பக்கத்தில் ஒரு ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். திங்கள்கிழமைதோறும் எடுத்து எடை போடுவேன். காற்றில் எவ்வளவு ஈரம் என்று அதுதான் எனக்குச் சொல்கிறது. மார்ச்சில் 37 கிராம் இருந்தது. இந்த வாரம் 41. அதனால் புதிதாக வந்த கிட்டின் பெட்டியைப் பிரித்துத் தகடுகளைப் பரணில் ஏற்றியாயிற்று, பசை டப்பாவை இன்னும் திறக்கவில்லை.